அக்காவின் கைகளில் நாற்பது லேபிள்கள்

அஸ்தம்பட்டியில் இருக்கும் என் சின்ன அலுவலகத்தின் மேசை இழுப்பறையில், ரப்பர் ஸ்டாம்புக்கும் ஸ்டேப்ளர் பின் டப்பாவுக்கும் பின்னால், ஒரு காகிதப் பொட்டலம் மூன்று வருடமாகக் கிடந்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். உள்ளே புண்ணில் வைத்துக் கட்டுகிற மடித்த காஸ் துணி ஐந்து. முன்பக்கம் லேபிள். பொருளின் பெயர், எண்ணிக்கை, பேட்ச் நம்பர், தயாரித்த மாதம், காலாவதி மாதம், லைசென்ஸ் நம்பர், தயாரித்தவரின் பெயர், முகவரி, ஒருமுறை மட்டுமே பயன்படுத்தவும் என்கிற எச்சரிக்கை, கிருமி நீக்கப்பட்டது என்கிற உறுதி. எதுவும் விட்டுப்போகவில்லை. எழுத்தின் உயரத்தைக்கூட ஸ்கேல் வைத்து அளந்து சரிபார்த்தவள் நான்தான். பொட்டலத்தைத் திருப்பினால் மடிப்புக்குக் கீழே நெற்றிப் பொட்டு அளவில் ஒரு சிவப்பு வட்டம் தெரியும். நீராவி பட்டால் அது கறுத்துப்போக வேண்டும். இந்தப் பொட்டலத்தில் அது கறுக்கவில்லை. முன்பக்கம் எழுதியிருப்பது பொய் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. மருத்துவச் சாதனங்களுக்கு லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும், பெட்டி எப்படிக் கட்ட வேண்டும் என்று யோசனை கேட்டு என்னிடம் ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கெல்லாம் நான் இந்த இழுப்பறையைத் திறக்காமலேயே புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் சேலம் டவுனில் வளர்ந்தவள். வீட்டில் ஞாயிறு தவறினாலும் பூசை தவறாது. அப்படி ஒரு கத்தோலிக்கக் குடும்பம். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு காஸ் துணி யூனிட்டில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி அதற்கு முன் விசைத்தறி ஓட்டியவர். துணியை மீட்டர் கணக்கில் விற்றுப் பழகிய மனிதரிடம், இனிமேல் இது துணி இல்லைங்க, மருத்துவச் சாதனம், இதற்குத் தனி விதி வந்துவிட்டது என்று சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ரெஜிஸ்டர் போட்டேன். சுவரெல்லாம் விதிகளை எழுதி ஒட்டினேன். எனக்கு அங்கே ‘டாக்குமென்ட் மேடம்’ என்று பெயர். உள்ளுக்குள் எனக்கு அந்தப் பெயரில் பெருமைதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பேக்கிங் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளியும் அப்படித்தான். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். புதுச்சத்திரத்துக்காரர். பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவர். ஆங்கில எழுத்து படிக்கத் தெரியாது. ஆனால் லேபிளின் எந்த வரி எந்த இடத்தில் எவ்வளவு நீளத்துக்கு வர வேண்டும் என்பது அவருக்கு முகம் தெரிகிற மாதிரி தெரியும். ஒருமுறை அச்சகத்திலிருந்து வந்த புது ரோலைப் பிரித்து ஒரு லேபிளை எடுத்துச் சன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஏனுங்க மேடம், இந்த வரி எப்பவும் இந்த மூலை வரைக்கும் வருமுங்களே, இதுல கொஞ்சம் உள்ளயே நின்னு போச்சுங்க” என்றார். லைசென்ஸ் நம்பரில் கடைசி எண் விழவில்லை. நான் அந்த ரோலுக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

லேபிள் விஷயத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. நூறு லேபிள் கொடுத்தால் ஒட்டியது எத்தனை, கிழிந்தது எத்தனை, மிச்சம் எத்தனை என்று நூறுக்கும் பதில் வேண்டும். கிழிந்ததைக் குப்பையில் போடக்கூடாது, திரும்பக் கொண்டுவந்து காட்ட வேண்டும். இதற்காக நான் ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கி வைத்தேன். அக்கா அதைத் தொடவே இல்லை. கோணலாக ஒட்டியதை, மடங்கியதை, மை கலைந்ததை எல்லாம் உரித்துத் தன் முன்னங்கையில் ஒட்டிக்கொள்வார். டப்பா எங்காவது போய்விடும், கை எங்கே போகும் என்பது அவருடைய கணக்கு. சாயங்காலம் என் மேசைக்கு எதிரே வந்து நின்று, கையை நீட்டி, ஒவ்வொன்றாக உரித்து ரெஜிஸ்டரில் ஒட்டுவார். “இன்னிக்கு மூணுதானுங்க சாமி. கையில முடியே மிச்சமில்லாமப் போச்சு போங்க” என்று சிரிப்பார். அந்தப் பக்கத்தில் பெரியவர், சின்னவர் எல்லோரையும் சாமி என்பார்கள். டவுனில் வளர்ந்த எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அந்தச் சொல்லுக்காகவே சாயங்காலம் வரட்டும் என்று இருக்கும்.

பேக்கிங் பெண்களுக்கு மாதம் ஒருநாள் நான் விதிகளைச் சொல்லித் தர வேண்டும். நான் ஓயாமல் சொன்னவை இரண்டு. லேபிள் இல்லாத பெட்டி கேட்டைத் தாண்டக் கூடாது. செய்தவர் பெயர் இல்லாத லேபிள் லேபிளே இல்லை. இரண்டாவதைச் சொல்லும்போது மேசையில் தட்டுவேன். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் எந்திரத்தை அந்தப் பெண்கள் இட்லிக் கொப்பரை என்பார்கள். கம்பிக் கூடைகளில் பொட்டலங்களை அடுக்கி உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி ஆவி விட்டால், வெளியே வரும்போது பொட்டு கறுத்திருக்கும். “பொட்டு கறுத்துச்சா?” என்பதுதான் அங்கே வெந்துவிட்டதா என்கிற கேள்வி. பிறகு அவற்றை அட்டைப் பெட்டியில் போட்டுப் பெட்டி லேபிள் ஒட்டுவார்கள். லோடுக்கு ஒரு பெட்டியைத் திறந்து பொட்டைப் பார்ப்பது அக்காவின் வேலை. எந்த லோடு எத்தனை மணிக்கு எந்திரத்தில் ஏறியது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று ஆபரேட்டர் ரெஜிஸ்டரில் எழுதுவார். எழுதவில்லை என்றால் ஓட்டவில்லை என்று அர்த்தம். அப்படித்தான் நான் வகுத்து வைத்திருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. தறி ஓடும் ஊர்களில் அன்றைக்கு எந்திரங்களுக்கு இருக்கும் மரியாதை தனி. துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூஜை முடிந்துவிட்டால் மறுநாள் வரை யாரும் ஓட்டமாட்டார்கள். அதே நாள் சரஸ்வதி பூஜையும். ஏடும் எழுதுகோலும் சாமி முன்னால் போய்விடும். விஜயதசமி காலையில் மறுபூஜை போட்டு எடுக்கும் வரை எழுதக்கூடாது. முதலாளி வீட்டு அம்மா காலையிலேயே வந்து, “ரெஜிஸ்டரெல்லாம் குடும்மா, அதுவும் ஏடுதானே” என்று கேட்டார். லைசென்ஸ் புத்தகங்களோடு ஆட்டோகிளேவ் ரெஜிஸ்டரையும் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு இன்னும் ஒரு லோடு ஓட்ட வேண்டியிருந்தது எனக்குத் தெரியும். ஒரு வெள்ளைத்தாளாவது ஆபரேட்டரிடம் கொடுத்திருக்கலாம். இது ஒன்று மட்டும் சாயங்காலம் தருகிறேன் அம்மா என்று கேட்டிருந்தால் அவர் கொடுத்திருப்பார், நல்ல மனுஷி. நான் கேட்கவில்லை. வேதக்காரப் பெண், அதனால்தான் பூஜைக்குத் தர மறுக்கிறாள் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஐந்து வருடமாக யோசித்துப் பார்த்ததில், நான் அவர்களுடைய வழக்கத்தை மதித்ததாகத் தெரியவில்லை. என்னை நல்லவள் என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

விஜயதசமி காலையில் நான் போனபோது மறுபூஜை முடிந்து பொரியும் சுண்டலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல நேரத்துக்குள் முதல் சரக்கு கிளம்ப வேண்டும் என்று முதலாளி லாரியை வரவழைத்து, அதற்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். ஆபரேட்டர் தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க லீவு. எந்திரத்தின் கதவு சாத்தியிருந்தது, உள்ளே கூடைகள் இருந்தன. லோடு இறங்கவில்லை போலிருக்கிறது என்று ஏற்றிறக்கும் ஆட்கள் அவற்றை வெளியே எடுத்தார்கள். பேக்கிங் பெண்கள் மளமளவென்று பெட்டியில் போட்டு லேபிள் ஒட்டினார்கள். நாற்பது பெட்டி. பொட்டு பின்பக்கம் இருந்ததால் அந்த அவசரத்தில் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. அக்கா அப்போது சுண்டல் பாத்திரத்தோடு இருந்தார். என் கைக்கு ரெஜிஸ்டர் வந்தது. அட்டையில் சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. முந்தின நாள் வரி காலியாக இருந்தது. சரக்கு கண் முன்னால் இருக்கிறது, ஆகவே ஓட்டித்தான் இருப்பார்கள் என்று முடிவு செய்தேன். ஆபரேட்டருக்கு ஒரு போன் போட ஒரு நிமிடம் ஆகியிருக்கும். மேல் வரியைப் பார்த்து வெப்பம், அழுத்தம், நேரம் எல்லாவற்றையும் அப்படியே காப்பி அடித்தேன். சரிபார்த்தவர் என்கிற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். புதுசாகப் பூஜை போட்ட பேனா, நன்றாகவே எழுதியது.

அரை மணி கழித்து அக்கா வந்தார். கையில் ஒரு பொட்டலம்.

“மேடம், பொட்டு மாறலீங்க. செவப்பாவே இருக்குதுங்க.”

வாங்கிப் பார்த்தேன். அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கு நினைக்கிறேன். ஆனால் என் வாய் வேறு சொன்னது. “பழைய ஸ்டாக்குக்கா அது. சில சமயம் மாறாது. ரெஜிஸ்டர்ல ஓட்டினதா இருக்கு.”

“ஒண்ணு ரெண்டு மாறாட்டிச் செரிங்க. பொட்டி பூராவுமேங்க?”

“நேரமாகுதுக்கா. முதலாளி லாரிகிட்ட நிக்கறாரு” என்று சொல்லிவிட்டு, வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனேன். கேவலம் என்பதற்கு எனக்குத் தெரிந்த உதாரணம் அந்தப் போன்தான். யாரும் பேசாத போனில் நான் இரண்டு முறை “சரிங்க சார்” என்று சொன்னேன்.

கால் மணி கழித்துத் திரும்பி வந்தபோது என் மேசைக்கு எதிரே அக்கா நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்துக்கொண்டு. மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் வரை, இரண்டு கைகளிலும், தோலே தெரியாமல் பெட்டி லேபிள்கள். சில முழுதாக உரிந்திருந்தன, சில பாதியில் கிழிந்து அட்டையின் நாரோடு வந்திருந்தன. இடமில்லாமல் ஒன்றிரண்டைத் தோளில் ஜாக்கெட்டின் மேல் ஒட்டியிருந்தார்.

“நாப்பதும் இருக்குதுங்க சாமி. எண்ணி எடுத்துக்கங்க. லேபிள் இல்லாத பொட்டி கேட்டைத் தாண்டக் கூடாதுன்னு நீங்கதானுங்க செவுத்துல எழுதி ஒட்டியிருக்கறீங்க. எனக்கு வேற எப்படி நிறுத்தறதுன்னு தெரியலீங்க.”

அதுதான் அவர் என்னைக் கடைசியாகச் சாமி என்றது.

எனக்கு இருந்தது பத்து நிமிடம். முதலாளி உள்ளே வருவதற்குள் ஆபரேட்டரைப் பிடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்து இரைச்சலுக்கு நடுவே அவர் கத்திச் சொன்னார். “ஓட்டலீங்க மேடம். கூடையெல்லாம் உள்ள வெச்சுக் கதவச் சாத்துனனுங்க. அதுக்குள்ள அம்மா தட்டோட வந்துட்டாங்க, நல்ல நேரம் முடியப் போவுதுன்னாங்க. பாய்லரை அணைச்சுட்டனுங்க. பூஜை போட்ட மிசினை மறுக்கா எப்படிங்க ஓட்டறது?” போனை வைத்தேன். இனிமேல் சந்தேகம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. முதலாளி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையெல்லாம் லேபிளோடு நிற்கும் அக்காவைப் பார்த்து, “ஏனம்மா, நல்ல நாளும் அதுவுமா என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கற?” என்று அவர் கேட்டபோது, நான் செய்ய வேண்டியிருந்தது ஒரே வேலைதான். தப்பு என்னுடையது சார், ஓட்டாததை ஓட்டியதாக எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம்.

நான் ரெஜிஸ்டரைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன். “ஓட்டினதா பதிவாகியிருக்கு சார். அக்காவுக்கு ஏதோ சந்தேகம். எதுக்கும், லேபிள்தான் கிழிஞ்சிருச்சே, இன்னொருதரம் ஓட்டிட்டுப் புது லேபிள் போட்டு நாளைக்கு அனுப்பிரலாம்” என்றேன். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். அக்கா கிழித்ததையே சாக்காக வைத்து, நான் விட்டதைச் சரிசெய்துகொண்டேன். மறுநாள் சரக்கு முறைப்படி ஆவியில் வெந்தது. பொட்டுகள் கறுத்தன. நாமக்கல் ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவருடைய புண்ணுக்கு அக்காவால் ஒரு கெடுதலும் வராமல் போயிற்று. அது அந்த யாரோ ஒருவருக்குத் தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நல்ல நேரம் தவறியதும், நாற்பது லேபிள் வீணானதும்தான். விதிப்படி ஒரு விசாரணை அறிக்கை வேண்டும். எழுதினேன். காரணம் என்கிற கட்டத்தில், பேக்கிங் பொறுப்பாளர் அனுமதியின்றி லேபிள்களைச் சேதப்படுத்தியது என்று போட்டேன். கீழே அவர் பெயர். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரமே அக்காவுக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். ஆபரேட்டர் வாயைத் திறக்கவில்லை, அவருக்கும் வேலை முக்கியம். அக்கா சோற்றுப் போசியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என் மேசைக்கு வந்தார். அன்றைக்கு என்னிடம் காட்டிய பொட்டலம் அவரிடமே இருந்திருக்கிறது. மேசை மேல் வைத்தார். “இது எங்கிட்ட இருந்தா செரிப்படாதுங்க மேடம். கணக்குல ஒண்ணு கொறையுமில்லீங்க” என்றார். கணக்கில் ஒன்று குறைந்ததை நான் கவனிக்கக்கூட இல்லை. கைப்பையில் போட்டுக்கொண்டேன். கிழித்துக் கழிப்பறையில் போட்டிருந்தால் என் பொய்க்கு ஒரு சாட்சியும் இருந்திருக்காது. நான் அப்படிச் செய்யவில்லை. மனசாட்சி என்றெல்லாம் சொன்னால் எனக்கே சிரிப்பு வரும்.

இரண்டு வருடம் கழித்து நான் அந்த வேலையை விட்டு அஸ்தம்பட்டியில் அலுவலகம் போட்டேன். ஓமலூர், திருச்செங்கோடு என்று பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கண்டிப்பான அம்மா என்று பெயர். புதுச்சத்திரம் வழியாக நாமக்கல் போகும்போது மட்டும் பஸ்ஸில் வலதுபக்கம் உட்கார மாட்டேன், அந்தப் பக்கம்தான் அக்கா வீடு. இப்படியே போயிருக்கும். இந்த வருடத் தொடக்கத்தில் அதே பகுதியில் புதிதாக யூனிட் போட்ட ஒருவர் என்னிடம் வந்தார். பேக்கிங்குக்குப் பொறுப்பான ஆள் தேடுவதாகச் சொன்னார். “ஒரு அம்மா வந்து கேட்டாங்க. விவரமாத்தான் இருந்தாங்க. விசாரிச்சா, லேபிளைக் கிழிச்சுப் போட்ட ஆளுன்னு உங்க பழைய கம்பெனி வேன்ல போற பொம்பளைங்க சொல்றாங்க. நீங்க அப்ப அங்கதானுங்களே இருந்தீங்க? நெசமுங்களா?” என்றார். கடவுள் இரண்டாம் முறை அதே கேள்வியை அச்சுப் பிசகாமல் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அதெல்லாம் பழைய விஷயங்க” என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு போனார். மறுநாள் பொட்டலத்தை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு புதுச்சத்திரத்துக்குப் போனேன்.

அக்கா ஒரு முட்டைப் பண்ணையில் வேலை செய்கிறார். முட்டைகளை அட்டையில் அடுக்குகிற வேலை. அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். “வாங்க மேடம், ஊடு தெரிஞ்சுதுங்களா?” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. முட்டை வேலை எப்படி என்று கேட்டேன். “நல்ல வேலைதானுங்க. முட்டைக்கு லேபிள் இல்லீங்க” என்றார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை, நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ரெஜிஸ்டர், காப்பி அடித்த வரி, போன், அறிக்கை. முடித்துவிட்டு நிமிர்ந்தால் அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. சுண்டல் குடுத்துட்டு இருந்தனில்லீங்க, உங்க மேசைக்கு நேரா. மேல பாத்து மேல பாத்து நீங்க எழுதுனதப் பாத்தனுங்க.”

“அப்புறம் ஏன்க்கா முதலாளிகிட்ட சொல்லல?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க.”

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அந்தப் பேப்பரில் தன் பெயர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். காலாவதி மாதம் முடிந்து ஒரு வருடம் வரைதான் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்பது அந்தக் கம்பெனியில் நான் போட்ட விதி. மூன்று வருடக் காலாவதி, அதற்கு மேல் ஒரு வருடம். போன வருடமே எரித்திருப்பார்கள். திருத்துவதற்குக்கூட அந்தத் தாள் இப்போது இல்லை. அதைச் சொன்னேன்.

“அப்ப பேப்பர்ல இருந்து போயிருச்சுங்க.” என் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். “ஊருக்குள்ள போவலீங்க மேடம். காலைல ஏழு மணிக்கு ரோட்டுமேல கம்பெனி வேன் வருமுங்க. நம்ம கூட வேலை செஞ்ச பொம்பளைங்க அஞ்சாறு பேரு இன்னும் அதுலதான் போறாங்க. நானும் அங்கதான் பண்ணைக்குப் பஸ் ஏறுவனுங்க. அவங்க பேச்ச நிறுத்திக்குவாங்க, என்னைக் கண்டா. நீங்க வந்து அங்க ஒரு வார்த்தை சொல்லோணுமுங்க.”

“வரேன்க்கா” என்றேன். மூன்று வாரமாக நான் போகவே இல்லை. லைசென்ஸ் வேலை, கண்வலி, மாமியாருக்கு டாக்டர் என்று ஒவ்வொரு திங்கட்கிழமைக்கும் ஒரு காரணம் கிடைத்தது. நான்காவது திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் நின்றேன். டீக்கடையை ஒட்டிய நிறுத்தத்தில் ஏழெட்டுப் பெண்கள், சோற்றுப் பையோடு. சிலரைத் தெரிந்தது. கொஞ்சம் தள்ளித் தனியாக அக்கா. என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. அக்கா என்னை அறிமுகமும் செய்யவில்லை. வேன் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது.

“அன்னைக்கு அக்கா மேல ஒரு தப்பும் இல்லைங்க” என்று ஆரம்பித்தேன். ஒத்திகை பார்த்து வைத்த வாக்கியங்கள். “அந்த லோடு ஓட்டவே இல்லை. அக்கா பாத்ததுதான் சரி. அவங்க நிறுத்தலன்னா அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும். ரெஜிஸ்டர்ல தப்பா எழுதியிருந்துச்சு.” சொல்லி முடித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். நெஞ்சு லேசானதுபோலக்கூட இருந்தது.

“ஆரு எழுதுனதுன்னு சொல்லுங்க மேடம்” என்றார் அக்கா. சத்தமாக இல்லை. “செஞ்சவங்க பேரு இல்லாத லேபிள் லேபிளே இல்லைன்னு நீங்கதானுங்க மேசையத் தட்டித் தட்டிச் சொல்லுவீங்க.”

டிரைவர் ஹாரன் அடித்தார். டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “நான்தான்” என்றேன். ஹாரன் சத்தத்தில் அது கேட்கவில்லை என்பதால் இன்னொருமுறை சொல்ல வேண்டியிருந்தது. “நான்தான் எழுதினேன். தெரிஞ்ச பிறகும் அக்கா மேல போட்டது நான்தான்.” வேன் படியில் ஏறியிருந்த ஒரு பெண் இறங்கி வந்து, அக்காவின் முன்னங்கையைப் பிடித்துக்கொண்டு, “அஞ்சு வருசமா எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமில்லக்கா” என்றாள். அக்கா அவள் கையைத் தட்டிக்கொடுத்து வேனில் ஏற்றிவிட்டார்.

வேன் போன பிறகு பொட்டலத்தை எடுத்து அக்காவிடம் நீட்டினேன். இது உங்களுடையது என்றேன். வாங்கி, முன்னும் பின்னும் திருப்பினார். விரல் லேபிளின் மேல் வழக்கமான வழியில் போய், வலது மூலையில் நின்றது. “தேதி முடிஞ்சிருச்சுங்களே” என்றார். பின்பக்கத்துப் பொட்டைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “எனக்கெதுக்குங்க? உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க.” அவருடைய பஸ் வந்தது. “பாத்துப் போங்க மேடம்” என்று சொல்லிவிட்டு ஏறினார். அந்தப் பழைய சொல் வருமா என்று காத்திருந்தேன், வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன இருக்கிறது.

புது யூனிட்காரருக்கு நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஆள் எடுத்தாகிவிட்டது என்று பதில் வந்தது. என்னிடம் கொடுக்கவிருந்த லேபிள் வேலைக்கும் அவர் வேறு ஒருவரைப் பார்த்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. அது நியாயம்தான். பொட்டலம் மறுபடியும் இழுப்பறைக்கு வந்துவிட்டது. ஆனால் ஸ்டேப்ளர் பின் டப்பாவுக்குப் பின்னால் இல்லை. திறந்தவுடன் கையில் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்து பேசுகிறவர்கள், என்னங்க மேடம் இது, தேதி முடிந்த சரக்கை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டிச் சொல்கிறேன். ஒவ்வொருமுறையும் காது சுடுகிறது, ஒவ்வொருமுறையும் நடுவில் நிறுத்திவிடலாமா என்று தோன்றுகிறது. அதனால் முதல் வரியிலேயே என் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.